சாமையைப் புல்லென்று எழுதியவர்கள்

கண்ணுங்களா, மேட்டுக்காட்டு அத்தை வீட்டுக்குப் போனால், நீங்கள் பசிக்கிறது என்று சொல்வதற்கு முன்னாலேயே தட்டு வந்துவிடும். அவளை ஒன்றும் இல்லாதவள் என்று எழுதி, செம்மேட்டு மண்டபத்தில் ஊரைக் கூட்டி வாசித்தார்கள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. எட்டாவதோடு நின்றவன் எழுதுகிறேன். முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருசம் ஆகியிருக்கும். உங்களில் பெரியவன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். நம் மலையில், திண்ணனூர் நாட்டு ஊர்களுக்கு நடுவில், மூலிகை ஆராய்ச்சி நகரம் ஒன்று வரப் போகிறது என்று பேச்சு. கண்ணாடிக் கட்டடம், புதுப் புது மருந்து கண்டுபிடிக்கிற கம்பெனிகள், படித்தவர்கள் தங்க வீடுகள் என்று என்னென்னவோ சொன்னார்கள். வந்தால் ஊருக்கு என்ன லாபம், என்ன நட்டம் என்று பார்த்து எழுத ஒரு சாரும் ஒரு மேடமும் வந்தார்கள். வழி காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அது மத்தியானம் வரைக்கும்கூட நிற்கவில்லை. வாசலில் சாணி கிடந்தால் சார் மூக்கைப் பொத்துவார். பல்லுப்போன பெரியவரைக்கூட 'நீ' என்றுதான் பேசினார். வருசத்தில் எத்தனை நாள் பட்டினி கிடப்பீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். சோறு வடித்துக்கொண்டிருந்த வீட்டில் நின்றுகொண்டே கேட்டார். இல்லை என்று சொன்னால் நம்பாத மாதிரி சிரித்தார்.

அக்கா வீட்டுக்கு, அதுதான் உங்கள் மேட்டுக்காட்டு அத்தை வீட்டுக்கு, வந்தபோது வெயில் ஏறிவிட்டது. என் பெரியப்பா மகள் அவள். புருசன் செத்தபின், அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் இருந்தது வீட்டுக்கு மேலே சரிவில் சாமை விதைக்கிற காடு ஒன்றுதான். வரைபடத்தில் அது நகரத்துக்குள் வந்துவிட்டது. விளைகிற காடு என்று எழுதினால் மாற்று நிலம் கொடுப்பார்களாம். சும்மா கிடக்கிற நிலம் என்றால் ஒன்றும் கிடையாது.

அவள் சேவலை அடித்தாள். புது மிளகு இடித்துப் போட்டுக் குழம்பு வைத்து, போன வருசத்துச் சாமையில் சோறு பொங்கிப் போட்டாள். இரண்டு பேரும் சப்புக்கொட்டித் தின்றார்கள். சார் எலும்பை உடைத்து உறிஞ்சினார். கையைக் கழுவிவிட்டு, காட்டில் என்ன விளையும் என்று கேட்டார்.

"என்னத்தைங்க சாமி. ஒண்ணுமில்லீங்க" என்றாள் அக்கா.

எங்கள் பக்கம் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். பயிர் நிற்கும்போது விளைச்சலை வாயால் சொல்லக் கூடாது, கண்பட்டுவிடும். அறுத்துக் களத்தில் அடித்து, சாமிக்கு ஒரு வள்ளம் அளந்து வைத்தபிறகுதான் பேச்சு. அதுவரை கேட்டவனுக்கு 'ஒண்ணுமில்லை'. நம் ஊர்க்காரன் என்றால் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவான். சார் அப்படியே எழுதிக்கொண்டார்.

மேட்டில் ஏறிப் பாருங்கள் சார் என்றேன். அண்ணாந்து பார்த்தார். வயிறு நிறையத் தின்றிருந்தார், ஏற மனசில்லை. "எல்லாம் புல்லாத்தானே தெரியுது" என்றார். சற்று முன்னால் அவர் தின்றதே அந்தப் புல்தான் என்றேன். மேடம் மட்டும் பேனாவைத் தூக்கி, எழுதலாமா என்பதுபோல் அவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டவில்லை. கீழே வருகிற வழியெல்லாம் எங்கள் வழக்கத்தை விளக்கினேன். "அதுக்கு எங்ககிட்ட கேள்வி இல்லையேப்பா" என்றார். ஏப்பம் விட்டுக்கொண்டே சொன்னார்.

அடுத்த மாதம் மண்டபத்தில் கூட்டம். அறிக்கையை வாசித்தார்கள். பெண்களுக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை, ஆண்களுக்குக் கேட்டில் காவல் நிற்கும் வேலை, இதுதான் எங்களுக்கு லாபம். அக்காவின் காடு வந்தது. புல்தரை, பயன்பாட்டில் இல்லை, விளைச்சல் இல்லை.

அக்காவின் தோளைத் தொட்டு, எழுந்து சொல்லு என்றேன்.

"பயிரு நிக்குதுடா சாமி. எப்படிச் சொல்லுவேன்?"

"சொல்லாட்டிக் காடு போயிருமக்கா."

"போனாப் போவுது. நிக்கற பயிரைச் சொல்லி, அறுப்பையும் தோக்கச் சொல்றயா? இந்த வருசம் புள்ளைங்க எதைத் திங்கும்?"

நான் எழுந்துவிட்டேன். காலம்காலமாக விளைகிற காடு, இப்போது கதிர் பழுத்து நிற்கிறது, அறுத்தால் அக்கா வீட்டுக்கு வருசம் முழுக்கச் சோறு, விதைக்கும் மிஞ்சும் என்று எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன். நம் ஆட்கள் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், நான் சொன்னது ஏதோ அவள் வாயிலிருந்து வந்த மாதிரி.

முன்வரிசையில் முள்ளுக்குறிச்சி லாரிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நகரம் வந்தால் கல்லும் மணலும் ஏற்றலாம் என்று வந்தவர். "ஏனுங்க, புல்லுக்கெல்லாம் மாத்து நிலம் குடுத்தா, நாளைக்கு மாடும் வந்து கேக்குமுங்களே?" என்றார். மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சார் என்னைப் பார்த்து, குறித்துக்கொள்கிறோம் என்றார். பேனா மூடியைக் கழற்றவே இல்லை. பிறகு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். நம் ஆட்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதையும் சேர்த்துத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த நகரம் கடைசியில் வரவில்லை. ஏன் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் நின்றுகொண்டாள். இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "காட்டைக் காப்பாத்தறேன்னு பயிரைச் சொல்லிப்போட்டயே."

எனக்குக் கண்ணேறில் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் தனியாக அவள் காட்டுக்கு ஏறினேன். கதிர் எல்லாம் தலை கவிழ்ந்து நின்றது. வரப்போரத்தில் கிடந்த இரண்டு குச்சிகளைக் குறுக்கே கட்டி, நடுக்காட்டில் ஊன்றினேன். போட்டிருந்த சட்டையைக் கழற்றி அதற்கு மாட்டினேன். கை தொங்காமல் காய்ந்த புல்லைத் திணித்து, காட்டுக்குள் வருகிறவன் கண் முதலில் அதில் படுகிற மாதிரி வழிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வெறும் மேலோடு இறங்கி வந்தேன்.