என் நெஞ்சில் இருந்தது பாவம் அல்ல

என்னைக் கண்டால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். கர்த்தர் எனக்குச் செய்ததை உங்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும்.

1988 கோடையில் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். மூட்டு வீக்கத்துக்கு ஒரு வருஷமாக ஸ்டீராய்டு மாத்திரை. வலி போனது, இருமல் வந்தது. சளியில் ரத்தம் வந்தது. பத்தடி நடந்தால் மூச்சு முட்டியது. டி.பி. என்று மருந்து கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் எலும்பும் தோலும் ஆனேன்.

நாத்தனார் கிரேஸ் என் இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு போனாள். "உன் மூச்சு பட்டா இதுங்களும் செத்துடும். எங்கனா ஆஸ்பத்திரியில போய்க் கெட" என்றாள்.

நீங்கள் மட்டும் என்ன? ஜெபிக்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றீர்கள். "ஏதோ பாவத்த மறைக்கிறே. அறிக்கை பண்ணு, சொகமாவும்" என்றீர்கள். அறிக்கை பண்ண என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்று பாயில் கிடந்தபடி ஆண்டவரோடு சண்டை போட்டேன். "இவங்க சொல்றது நெசம்னா இப்பவே என்னை எடுத்துக்கும். பொய்னா, இது என்னான்னு காட்டும்."

மறுநாள் என் கணவர் சாலமோன் என்னைப் புதுச்சேரிக்கு பஸ் ஏற்றினார். பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி சளி எடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்த லேப் அம்மா எழுந்து வெளியே வந்தார்.

"ஏம்மா, வெறுங்காலோட நடப்பியா?"

"உப்பளத்துல செருப்பு எப்படிங்க போடறது?"

"உப்புல இது இருக்காது. வெளிக்கு எங்க போவே?"

"சவுக்குத் தோப்புக்குங்க."

"அந்த ஈர மண்ணுலதான் கால் வழியா ஏறியிருக்குது. சளியில டி.பி. கிருமியே இல்லம்மா. புழு நெளியுது!"

குடலில் சும்மா கிடந்திருக்க வேண்டிய புழு அது. ஸ்டீராய்டு மாத்திரையால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் பெருகி நுரையீரல் வரை போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார்கள். புழு மருந்தைப் பல நாள் கொடுத்தார்கள். எட்டாம் நாள் மூக்கில் வைத்திருந்த ஆக்சிஜன் குழாயை எடுத்தார்கள். நான் அழுதேன். "காட்டிட்டீர் ஆண்டவரே" என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

வீடு திரும்பியதும் கிரேஸ் பிள்ளைகளோடு வந்து காலில் விழுந்தாள். உடனே மன்னிக்க முடியவில்லை. மன்னிக்க மூன்று மாதம் ஆயிற்று. உங்களில் சிலரை மன்னிக்க இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எங்கள் தெருவில் யார் இருமினாலும் நான் வாசலில் நிற்பதில்லை. உள்ளே போகிறேன். முதுகைத் தடவிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

ஊர் ஒதுக்கிய யாராவது இங்கே இருந்தால் கேளுங்கள். கர்த்தரைக் கூப்பிடுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் சண்டை போடுங்கள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு விலகிப் போகிறவர் அல்ல.