வயிற்றுக் கிருமியும் தனிப் பீங்கானும்

தொண்ணூறுகளின் நடுவில், மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த வாரத்தில்தான், இருபது வருடமாக என்னை வாட்டிய வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் ஒரு பற்றீரியா என்று தெரியவந்தது. காரம், கவலை, நேரம் தவறிய சாப்பாடு என்று அதுவரை நாட்குறிப்பில் எழுதிவந்த காரணங்களெல்லாம் ஒரே நாளில் பிழையாகின. விஞ்ஞான ஆசிரியரான எனக்கு அது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கல்முனையில் என்னைப் பார்த்த இளம் டொக்டர், மருந்துத் துண்டின் பின்புறத்தில் மரம்போலக் கிளைவிட்ட ஒரு நோயெதிர்ப்புக் கலத்தை வரைந்தார்.

"இது இரைப்பைச் சுவருக்குள்ள இரிக்கி, சேர். கிருமிட துண்டொண்ட எடுத்துக்கொண்டு போய் மத்தக் கலங்களுக்குக் காட்டும். சண்டை பிடிக்கிறதா, பொறுத்துப் போறதா எண்டு இதுதான் சொல்லிக் குடுக்கிற."

"என்ட வயித்துல என்ன சொல்லியிரிக்கி?"

"ரெண்டையும் சொல்லியிரிக்கி போல. அதான் கிருமியும் சாகல்ல, புண்ணும் ஆறல்ல."

"ஏன் அப்பிடி?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சேர் இஞ்ச இரிக்கன்?" என்று சிரித்தார். மூன்று வகை மாத்திரை, இரண்டு வாரம்.

பதினொரு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன், எல்லாவற்றையும் கேட்டேன். கிருமி மற்றவருக்குத் தொற்றுமா என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகே அது உறைத்தது. டொக்டரோ லீவில் போய்விட்டார். ஆகவே நானே முடிவெடுத்தேன்: மருந்து முடியும்வரை எவரோடும் ஒரே தட்டில் உண்பதில்லை.

மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் அட்டாளைச்சேனையிலிருந்து விருந்துக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் விருந்தென்றால் சஹன்தான். பெரிய தட்டொன்றைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து ஒன்றாகக் கை வைப்போம். மாப்பிள்ளையின் வாப்பா நிறைய வயல் உள்ள போடியார். அவர் தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். நான் தனியாக ஒரு பீங்கான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு கதிரையில் போய் உட்கார்ந்தேன். காரணம் சொல்லவில்லை. சாப்பிடும் நேரத்தில் கிருமியைப் பற்றிக் கதைப்பது மரியாதையல்ல என்று நினைத்தேன்.

அதன்பின் எட்டு நாள் அங்கிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மகள் என் முகத்தைப் பார்க்காமலே தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

"நாள் குறிக்க வாறமெண்டு போனவங்க வரல்ல," என்றாள் மனைவி. "நம்மட புள்ளட வாழ்க்கைய ஒங்கட கிருமி திண்டிரும் போல. போய்க் கதைங்க."

ஒன்பதாம் நாள் டொக்டர் படம் வரைந்த மருந்துத் துண்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போடியார் வாசலில் "வாங்க" என்றார், இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப, எங்கட கை அழுக்கு, அரியண்டமெண்டு நினைக்கல்லியா?"

"என்ட கையைத்தான் நினைச்சன், போடியார்."

"இத அண்டைக்கே சொல்லியிருந்தா நான் எட்டு நாள் கோவத்தோட திரிஞ்சிரிப்பனா? கோவம் வந்தா எனக்கும் இஞ்ச எரியிற," என்று நெஞ்சுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். "பத்து வருசமா! இரிங்க சேர், ஏன் நிக்கிறீங்க?"

கிளைக் கலத்தின் கதையை என்னை மூன்று தடவை சொல்ல வைத்தார். பிறகு டொக்டர் எந்த நாள் வருவார் என்று கேட்டார். எனக்கு இரண்டு நாள் மருந்துதான் மீதி. அவருக்கும் டொக்டர் அதையே எழுதினால் அந்த இரண்டு வாரமும் முடிந்துவிடும்படி எண்ணிப் பார்த்து, அதற்கு அடுத்து வரும் வெள்ளிக்கிழமையை நிக்காஹ்வுக்குக் குறித்தோம்.