வால்டரின் துப்பாக்கிக்கு என்ன வயது?

அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் ரிச்சர்ட்சனில், என் பல் டாக்டரின் கிளினிக் கதவில் இரண்டு படங்கள் ஒட்டியிருக்கும். ஒன்றில் ஐஸ்கிரீமுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு, இன்னொன்றில் கைத்துப்பாக்கிக்குக் குறுக்கே அதே கோடு. பதினான்கு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. அப்படிப்பட்ட எனக்குத்தான் பக்கத்து வீட்டு வால்டர் தன் வேட்டைத் துப்பாக்கியை எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

வால்டர் தனிக்கட்டை. டயாலிசிஸுக்கு அவரைச் செவ்வாய்க்கிழமைகளில் நான் காரில் கூட்டிப்போவேன். ஒருமுறை சுவரில் தொங்கிய துப்பாக்கியைக் காட்டினார். விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும் பழைய லீவர் ரைஃபிள். என்ன சொல்வதென்று தெரியாமல், "ஐ லவ் இட்" என்றேன். யாராவது புதுப் புடவையைக் காட்டினால் சொல்வோமே, அந்த மாதிரி. அவர் அதை ஆசை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

"யார்கிட்டயாவது குடுத்துத் தொலைச்சிடு, வடிவு. பொண்ணு இருக்கிற வீடு" என்றார் என் கணவர் முரளி. கொடுக்கலாம்தான். அது என்னவென்றே தெரியாமல் கொடுக்க மனம் வரவில்லை.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் அப்பா ரைட்டராக இருந்தார். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கியோடு வருபவருக்கு நாற்காலி போடுவார்கள். புகார் கொடுக்க வந்த பெண்கள் வெளியே வெயிலில் நிற்பார்கள். ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், மேசைமேல் கிடந்த துப்பாக்கியின் எண்ணை எட்டிப் படித்தேன். "பொம்பளப் புள்ளைக்கு இதுல என்ன சோலி?" என்றார் அதன் சொந்தக்காரர். அப்பா தலை நிமிரவில்லை. நான் நகர்ந்துவிட்டேன்.

இந்த முறை நகர்வதாக இல்லை. தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, அடிப்பக்கத்தில் பொறித்திருந்த எண்ணை டார்ச் அடித்து எழுதிக்கொண்டேன். அதைச் செய்த தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்று தெரிந்தது. எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: எண்கோணக் குழலோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்பட்ட துப்பாக்கி.

மதிப்புப் போட ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கொண்டுபோனவள் நான், கடைக்காரர் பேசியது முழுக்க முரளியிடம். "அவ்வளவு பழசில்லை, சார். குழலும் பின்னால் மாற்றியது. இருநூறு டாலர் தருகிறேன்."

"சரின்னு சொல்லிடலாமா?" என்று முரளி என் காதோரம் கேட்டார்.

கடிதத்தை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன். கடைக்காரர் இரண்டு தடவை படித்தார். இருநூறு இரண்டாயிரமானது. நான் அசையவில்லை.

"மேடம், யூ பீப்பிள் வேட்டைக்கே போவதில்லையே. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?"

"மதிப்புக் கேட்க வந்தேன், விற்க வரவில்லை. இது எனக்குத் தரப்பட்டது. மதிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்."

உரிமையாளர் பெயர் என்ற இடம் வந்ததும் மறுபடி முரளியைப் பார்த்தார். நான் என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தேன். சுடலைவடிவு. பாதியில் பேனாவை நிறுத்தி, சுருக்கமாக ஏதாவது உண்டா என்றார்.

"இல்லை" என்றேன். முழுக்க எழுதினார்.

ஆயுத பூஜை வந்தது. லேப்டாப், கார் சாவிகளோடு துப்பாக்கியையும் வைப்பது என்று முடிவு செய்தேன். குங்குமம் பட்டால் இரும்பின் பழைய நிறம் கெடும் என்று முரளி முணுமுணுத்தார். கெடட்டும் என்று பொட்டு வைத்தேன். தோட்டா இல்லாத துப்பாக்கிதான், ஆனாலும் குழலின் முனை யாரையும் பார்க்கக் கூடாதே. கிழக்கே சாமி படங்கள். மேற்கே மகள் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள். வடக்குச் சுவரில் மாலையோடு அப்பா. தெற்கே, ஜன்னலுக்கு வெளியே, வால்டரின் பூட்டிய வீடு. துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்மவர் யாரோ ஒருவர் இருந்தார்.