மாடிக்குப் போகாத அலமாரி

புது வீட்டில் பால் காய்ச்ச நாள் குறித்த பிறகுதான் அப்பா அந்த அலமாரியைப் பற்றிச் சொன்னார். அவர் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். முடிவெடுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. மகள் வீட்டுக்குத் தன் பங்காகத் தேக்கில் இரட்டைக் கதவு அலமாரி செய்யச் சொல்லியிருந்தார். எங்களிடம் அளவு கேட்கவில்லை.

"நானே ஒவ்வொரு சாமானா பாத்து வாங்கி வெச்சிருக்கேன். இத எங்க வெக்கிறது?" என்று கணவர் என்னிடம்தான் கேட்டார். வேண்டாமென்றால் அப்பா விசேஷத்துக்கே வரமாட்டார். மாடியில் தெருப்பக்க அறை காலியாகத்தானே இருக்கிறது, அங்கே வைக்கலாம் என்று நான்தான் முடித்து வைத்தேன். அதன் பிறகு வீட்டில் எனக்கும் அவருக்கும் பேச்சு குறைந்துவிட்டது.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு குறுகல். குட்டியானை வண்டியில் வந்து இறங்கிய அலமாரி படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. ஒருவழியாக வெளியே இழுத்த பிறகு, "கயிறு கட்டி பால்கனி வழியா ஏத்திடலாம்" என்றார் சுமை தூக்க வந்தவர்களில் பெரியவர்.

வீட்டு முகப்பை ஒட்டித்தான் தெருவின் கரண்ட் கம்பிகள் போயின. அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை, சாயங்காலம்தான் வரும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

"வேணாம் மாமா. பிரிச்சி எடுத்துட்டுப் போயி மேல பூட்டிக்கலாம்" என்றார் கணவர்.

"பிரிக்கிறதுக்கா செஞ்சேன்? அதான் கரண்ட் இல்லியே மாப்ள, தூக்கச் சொல்லுங்க."

கணவர் என்னைப் பார்த்தார். நான் பால்கனிக் கதவைத் திறந்துவிடப் போனேன். அவர் விடுவிடென்று மொட்டை மாடிக்கு ஏறி, அங்கிருந்த இரண்டு ஆட்களோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தார். கீழே இருவர், அலமாரி சுவரில் உரசாமல் இருக்க இன்னொரு கயிற்றால் அதைத் தெருப்பக்கம் இழுத்துப் பிடித்தார்கள். நான் பால்கனியில் நின்றேன். அலமாரி ஆடி ஆடி மேலே வந்தது. கதவின் பித்தளைக் கைப்பிடி என் கண்ணெதிரே வந்த நேரத்தில் எதிர்வீட்டில் டிவி அலறியது.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எங்கள் கூடத்தில் புது மின்விசிறி சுழலும் சத்தம் கேட்டது.

"கரண்ட் வந்துடிச்சி!" என்று கத்தினேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. கைப்பிடிக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாண் இருக்கும். கீழே இருந்தவர்கள் கொஞ்சம் இழுத்தாலும் போதும், பட்டுவிடும்.

"கீழ் கயித்த வுட்ருங்க!" மேலிருந்து கணவரின் குரல். "இழுக்காதீங்க, வுடுங்க! செவுத்தோட உரசிக்கினே எறங்கட்டும்!"

"பெயிண்ட்டு போயிடும் சார்" என்றார் கீழே ஒருவர்.

"போவட்டும், வுடுய்யா!"

அவர்கள் விட்டார்கள். அலமாரி மோதிய வேகத்தில் பால்கனி அதிர்ந்தது. பிறகு சுவரைக் கீறிக்கொண்டே மெதுவாக இறங்கியது. கணவர் பல நாள் யோசித்துத் தேர்ந்தெடுத்த சந்தன நிறம் பட்டை பட்டையாக உதிர்ந்தது. அலமாரி தரையைத் தொட்டதும் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"செவுரு போச்சே" என்று அப்பா சொன்னது மேலே கேட்டது.

கணவர் இறங்கிப் போனார். உள்ளங்கைகளில் கயிறு தோலை உரித்திருந்தது. "செவுரு போனா பூசிக்கலாம் மாமா. இந்த ஆளுங்கள்ல ஒருத்தர் போயிருந்தா?" அப்பாவிடம் அவர் குரல் உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அலமாரியைக் கூடத்திலேயே நிறுத்தினோம். சோபாவுக்கு வைத்திருந்த இடம் அதற்குப் போனது. பால் காய்ச்சும் நாள் வரை அப்பாவிடமிருந்து போன் இல்லை. நான் செய்தபோதும் எடுக்கவில்லை. அன்று விடியற்காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி எல்லோரும் குலவையிட்டபோதும் அவர் இல்லை.

பந்தி தொடங்கிய பிறகுதான் வந்தார். நேரே கணவரிடம் போனார்.

"கையி எப்டி இருக்கு மாப்ள?"

கணவர் கையை விரித்துக் காட்டினார். அப்பா அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "மருந்து போட்டீங்களா?"

"போட்டேன் மாமா. வாங்க, எல போட்டிருக்கு."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் சாம்பார் பரிமாறிக்கொண்டு போனேன். விருந்தாளி ஒருவர் கூடத்தில் ஏன் அலமாரி என்று கேட்டார். அப்பா இலையிலிருந்து நிமிரவில்லை.

"மாமா செஞ்சி குடுத்தது" என்றார் கணவர். பிறகு மோருக்குக் கை காட்டினார்.