விலகும் காரணம்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளும் ஆத்தூரில் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைகளும் என்னைக் கூப்பிடுவது ஒரே கேள்விக்காகத்தான்: ஆட்கள் ஏன் வேலையில் தங்குவதில்லை? வேலையிட உளவியல் படித்துவிட்டு, சேலத்தில் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கியவன் நான். விலகுகிறவர்கள் நிரப்புவதற்கு ஒரு படிவம் வைத்திருக்கிறேன்.

"குடும்பச் சூழ்நிலைன்னு எழுதியிருந்தா நம்பாதீங்க. உங்களைத்தான் சொல்றாங்க" என்று முதலாளிகளிடம் கறாராகச் சொல்வேன்.

"இல்லீங்க, அவனுக்கு நெசமாலுமே ஊட்டுல பிரச்சனைங்க" என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இவ்வளவு சொல்லியும் இந்த மனிதர்களுக்கு உறைக்கவில்லையே!

போன மாதம் என் உதவியாளர் விலகினார். ஆட்டையாம்பட்டிப் பெண். ஆறு வருடமாக ஒவ்வோர் ஆலையிலும் என் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர். அந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்ததே அவர்தான். காரணம் கேட்டிருந்த இடத்தில், 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருந்தார்.

"ஏம்மா, என்மேல ஏதாச்சும் வருத்தமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார். வாரேனுங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும், அந்தப் பெண் ஏன் வேலையை விட்டாள் என்று மனைவி கேட்டாள்.

"பாவம், அவங்க ஊட்டுல ஏதோ பிரச்சனை" என்றேன்.