துருவத்துச் செதிலும் மரக்காணத்துக் குளமும்

1. ஒரே மாதிரி இரண்டு

எங்கள் லேபில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஓட்டுவது என் வேலை. மெஷின் முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்துவிட்டது; அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். எறும்பின் கால், சிமென்ட் தூள், பல் டாக்டரின் ஸ்க்ரூ என்று எதையெதையோ கொண்டுவந்து பெரிதாக்கிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். எதுவும் என்னைக் குழப்பியதில்லை. நஸ்ரின் கொண்டுவந்த சேறு மட்டும் இன்றுவரை குழப்புகிறது.

நஸ்ரின் கோட்டக்குப்பத்துப் பெண். எங்கள் பேராசிரியரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். அன்று திரையில் இரண்டு படங்கள் இருந்தன. இடது பக்கம் வடதுருவத்துக்கு அருகே பூமியைத் துளைத்து எடுத்த கல்லின் தூள். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் அது ஓர் ஏரியின் அடிச்சேறு. வலது பக்கம் எங்கள் மரக்காணத்துக் குளத்துத் தண்ணீர், அந்த வாரம் பாட்டிலில் பிடித்தது. இரண்டிலும் ஒரே செதில். அதே வளைவு, அதே ஓட்டை வரிசை.

"அக்கா, அதேதான்க்கா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். குளத்தில் வாழும் ஒருவகை நுண்பாசி, தன் உடம்பைச் சுற்றிக் கண்ணாடி போன்ற செதில்களை ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கிக்கொள்ளும். பாசி செத்தாலும் செதில் மக்காது. சேறு கல்லானாலும் உள்ளே கிடக்கும். இந்தக் குறிப்பிட்ட செதில் உள்ள பாசி இன்று வெப்ப நாட்டுக் குளங்களில்தான் இருக்கிறது. துருவத்துக் கல்லிலும் அது இருந்தால், அந்த ஏரி ஒரு காலத்தில் நம்மூர்க் குளம்போல வெதுவெதுப்பாக இருந்திருக்க வேண்டும். நல்ல முடிவு வந்தால் நஸ்ரினை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகக் கல்லை அனுப்பிய வெளிநாட்டு லேப் சொல்லியிருந்தது. அதைவிட நல்ல முடிவு என்ன வேண்டும்?

எனக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் பிடிபடவில்லை. துருவம் என்றால் ஐஸ் என்று படித்தவள் நான். அப்போது ஐஸே இல்லை, காற்றில் கரியமில வாயு அதிகம், பூமிக்குப் போர்வை போர்த்தின மாதிரி என்றாள். சரி, மாதக்கணக்கில் சூரியனே தலைகாட்டாத இருட்டில் பாசி எப்படிப் பிழைக்கும் என்று கேட்டேன். "அது எனக்கும் தெரியலக்கா" என்று சிரித்தாள். கேட்டதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

2. அளக்க வந்தவர்கள்

அந்தக் குளத்துக்கு அவளைக் கூட்டிப்போனதும் நான்தான். என் வீடு மரக்காணத்தில். உப்புப் பாத்திகளைத் தாண்டி மேற்கே போனால், மழைத் தண்ணீர் நிற்கும் அல்லிக் குளம் ஒன்று உண்டு. பக்கத்திலேயே உப்பு விளைகிறது, இங்கே தண்ணீர் தித்திக்கிறது. அதுவே ஒரு அதிசயம்தான்.

நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தபோது தேவராஜ் பைக்கை நிறுத்தினார். அங்கே பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிப்பவர். நிலத்தை அளக்க வந்த ஆட்கள் என்று நினைத்து எந்த டிபார்ட்மென்ட் என்று விசாரித்தார். நஸ்ரின் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாள். மனிதர் முழுவதையும் கேட்டுவிட்டு, துருவத்து ஏரியைத் தெரிந்துகொள்ள அங்கே போகாமல் இங்கே ஏன் வந்தீர்கள் என்றார். அங்கே இப்போது குளிர், இந்தப் பாசி உயிரோடு இருப்பது இங்கேதான் என்றாள்.

"அப்போ அங்க இருந்தது குளிர் தாங்காம இங்க வந்துடுச்சா? இல்ல, இங்க இருந்தது அங்க போயிருந்துச்சா?"

நஸ்ரின் அடுத்த பாட்டிலைத் தண்ணீரில் முக்கினாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே பைக்கை எடுத்தார். குழப்பம் தொற்று வியாதி என்று அன்று தெரிந்தது.

3. தங்கம் மிச்சம்

படம் கிடைத்த அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மெஷினில் வைக்கும் முன் சாம்பிளைச் சட்டைப் பட்டன் அளவு உலோக வட்டில் ஒட்டி, அதன்மேல் மெல்லிய தங்கப் பூச்சு தர வேண்டும். அதற்குக் கோட்டர் என்று ஒரு கண்ணாடி டப்பா இருக்கிறது. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பூச்சு போடும். முடிந்ததும் காற்றை மறுபடி உள்ளே விட வேண்டும். தங்கம் விற்கிற விலையில் ஒற்றைச் சாம்பிளுக்காக அதை ஓட்டுவதில்லை. பல சாம்பிள்களைச் சேர்த்து மொத்தமாகப் போடுவதுதான் எங்கள் லேப் வழக்கம். அன்று கல் தூளும் குளத்துத் தண்ணீர் காய்ந்த வட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

காற்று புகும்போது ஒரு செதில் பறந்து பக்கத்து வட்டில் உட்கார எவ்வளவு நேரமாகும்? அதற்கு முன் கல் தூளை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். வேறு செதில்கள் நிறைய இருந்தன, இது இல்லை. குளத்தோடு சேர்த்து வைத்த அன்று மட்டும் வந்தது. அதுவும் தூளுக்குள் புதையாமல் மேலாகக் கிடந்தது. கண்ணால் காண்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்?

மறுநாள் காலையில் நஸ்ரினிடம் சொன்னேன். முகம் செத்துவிட்டது. பேராசிரியருக்குக் கோபம்.

"விஜயாம்மா, இத்தனை வருஷமா இப்படித்தானே போடறோம்?"

"ஆமாங்க சார். அதான் பயமா இருக்குது."

4. கடைசித் துண்டு

தூள் வைத்திருந்த பாட்டிலையும் குளத்துத் தண்ணீர் இருந்த அதே மேஜையில் திறந்திருந்தோம். அதனால் அதையும் நம்ப முடியாது. மிச்சமிருந்தது மொச்சைக்கொட்டை அளவு கல், சீல் பிரிக்காதது. அதை உடைத்து உள்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். உடைத்தால் கல் தீர்ந்தது. நஸ்ரின் வேறு கட்டடத்தில், புது உளியால், தானே உடைத்தாள். கோட்டரில் அதை மட்டும் தனியாக வைத்தேன். தங்கம் போனால் போகிறது.

இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். சாப்பாடு மறந்துபோனது. அந்த ஏரியில் வாழ்ந்த நுண்பாசிகளின் ஓடுகள், ஸ்பாஞ்ச் என்கிற பஞ்சுயிரிகளின் ஊசி போன்ற முட்கள், வேறு வேறு செதில்கள் எல்லாம் இருந்தன. அந்த ஒன்று மட்டும் இல்லை.

சரி, இல்லை என்றால் என்ன அர்த்தம்? மூட்டை அரிசியில் ஒரு கைப்பிடி அள்ளிக் கல் இல்லை என்று பார்த்தால், மூட்டையில் கல்லே இல்லை என்றாகுமா? முன்பாவது ஒரு குழப்பம் இருந்தது, இப்போது இரண்டு. பொய் என்று நிரூபணமாகவில்லையே, ஆய்வேட்டில் படத்தைப் போடு என்றார் பேராசிரியர். எனக்கும் போடட்டும் என்றுதான் இருந்தது. சந்தேகத்தைக் கிளப்பியவளே நான். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

நஸ்ரின் ஆய்வேட்டிலிருந்து படத்தை நீக்கிவிட்டாள். மீதியை வைத்து அந்த ஏரி குளிர்ந்ததாக இருந்திருக்காது என்று மட்டும் எழுத முடிந்தது. பட்டம் கிடைத்தது, வெளிநாட்டு வேலை கிடைக்கவில்லை. இப்போது புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள்.

5. என்ன எழுதட்டும்?

போன மழைக்காலத்தில் ஒரு நாள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கு வந்தாள். வெளிநாட்டு லேபிலிருந்து மெயில். அவர்களிடம் இருந்த அதே கல்லின் இன்னொரு பகுதியில், கல்லுக்குள் பதிந்தபடி, அதே செதிலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் பகுதி எங்கள் ஊர்ப் பக்கமே வந்ததில்லை. உங்கள் துண்டில் இதைப் பார்த்தீர்களா, பார்த்திருந்தால் கட்டுரையில் உங்கள் பெயரையும் சேர்க்கிறோம் என்று கேட்டிருந்தார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று என்றிருந்தேன், இதோ திரும்பி வந்திருக்கிறதே. பழைய கம்ப்யூட்டரில் படம் அப்படியே இருந்தது. திறந்து வைத்தேன்.

"பாத்தோம்னு எழுதுடி. படம் இருக்குதே."

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அவங்களுக்குக் கிடைச்சதால நம்மளது நெஜமாயிடுமாக்கா? இது அந்த ஏரியோடதா, உங்க ஊர் குளத்தோடதான்னு இன்னைக்கும் தெரியலையே."

என் மேஜையிலேயே உட்கார்ந்து பதில் எழுதினாள். ஒன்று பார்த்தோம், எங்கள் குளத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், கணக்கில் சேர்க்க வேண்டாம். நான் திட்டினேன், கெஞ்சினேன். அனுப்பிவிட்டாள். கட்டுரை வெளிவந்தது, அவள் பெயர் அதில் இல்லை.

புதிதாக மெஷினுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கோட்டருக்குள் ஒரு தடவைக்கு ஓர் ஊர் சாம்பிள் போதும். வேறு பாடம் என்னிடம் இல்லை. அந்தப் படம் நிஜமா என்று யாராவது கேட்டால், தெரியாது என்கிறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவள் அதற்காகத் தன் பெயரையே விட்டுக்கொடுத்தாள்.