பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாய் திறக்காமல் கெட்டவன்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். வேலூருக்கு வெளியே மலையடிவாரத்தில் ஒரு போலீஸ் பயிற்சி முகாம். நாங்கள் நாற்பது பேர், ஒரே நீளக் கொட்டகையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தோம். என் அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. நான் தேர்வான அன்று, "கால் காசுன்னாலும் கவர்மெண்டு காசுடா" என்று ஷெட்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். பாதியில் திரும்பிப் போனால் அந்த மனுஷன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது சொல்லாமல் வெளியே போனால், சாயங்காலம் ஆஜர் எடுக்கும்போது பக்கத்துக் கட்டில்காரன் குரலை மாற்றி அவனுக்கும் சேர்த்து "ஹாஜர்" சொல்லிவிட வேண்டும். ஹவல்தார் நோட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். என் பக்கத்துக் கட்டில்காரன் எனக்காக இரண்டு முறை சொல்லியிருக்கிறான். அவன் குடியாத்தத்து நெசவுக் குடும்பம். ஒரு சனிக்கிழமை, பிள்ளை பிறந்திருக்கிறது என்று அவனுக்குச் செய்தி வந்தது. லீவு கேட்டான், கிடைக்கவில்லை. மதியமே பஸ் ஏறிவிட்டான்.

"நீ இருக்கறப்போ எனக்கு இன்னா பேஜாரு தோஸ்து" என்று என் தோளில் தட்டிவிட்டுத்தான் போனான்.

சாயங்காலம் அவன் நம்பரைப் படித்ததும் ஹவல்தார் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தாரா, எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாரா, இன்றுவரை தெரியாது. நாள் முழுக்க ஓயாத என் வாய் அந்த ஒரு சொல்லுக்குத் திறக்கவில்லை. இரண்டாம் முறையும் படித்தார். அப்போதும் இல்லை. திங்கட்கிழமை திரும்பி வந்தவனைப் பெட்டி கட்டச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து யாரும் என்னோடு பேசவில்லை. கூடி முடிவெடுத்ததாகவும் தெரியவில்லை. "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஒருவன் கூரையைப் பார்த்துச் சொன்னான். அதுதான் கடைசி. சாப்பாட்டு வரிசையில் என் முறை வந்தால் பரிமாறுகிறவன் கரண்டியைச் சோற்றில் குத்திவிட்டு நகர்ந்துகொள்வான். நானே போட்டுக்கொள்வேன். தலைப்பாகை கட்ட, துணியின் மறுமுனையை ஒருவன் பிடிக்க வேண்டும். நான் ஜன்னல் கம்பியில் முடிந்து சுற்றிக்கொண்டேன். அணிவகுப்பில் எண் சொல்லும்போது ஒரு பக்கத்தான் பதினேழு என்பான், நான் பதினெட்டு, மறுபக்கத்தான் பத்தொன்பது. ஒரு நாளைக்கு எனக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான்.

முதல் வாரம் அழுகை வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. அப்பாவின் உள்ளங்கால் சுண்ணாம்பில் மரத்துப்போயிருக்கும். முள் ஏறினால்கூடக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். எனக்கு உடம்பு முழுக்க அப்படி ஆகியிருந்தது.

ஒரு ஞாயிறு அப்பா வந்தார். அவரோடேயே ஊருக்குப் போய்விடுவது என்று நான் பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். அவரோ வேலூர் லாங் பஜாரில் பெரிய பொட்டலம் காராபூந்தி வாங்கிவந்து, நேரே கொட்டகைக்குள் நுழைந்து, கட்டில் கட்டிலாகக் கொடுக்க ஆரம்பித்தார்.

"வாங்க பெரியவரே, குந்துங்க."

"எங்க பெல்ட்டுலாம் பிஞ்சி பூடுது பெரியவரே. நல்ல தோலா ஒண்ணு அனுப்பக்கூடாதா?"

"உன் தொப்பைக்கு எருமைத்தோலு ரெண்டு ஒட்டுப்போட்டாத்தான் ஆவும் நைனா" என்றார் அப்பா.

கொட்டகையே சிரித்தது. தொப்பைக்காரன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ஒரு கண்கூட என் பக்கம் திரும்பவில்லை. அப்பா அதைக் கவனிக்கவில்லை.

வாசலில் வந்து, "தங்கமான பசங்கடா. இவங்க இருக்கறப்போ உனக்கு இன்னா கொறச்சல்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல நைனா" என்றேன்.

பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து பெட்டியைப் பிரித்தேன். சட்டைகளைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

பயிற்சி முடியும்வரை இருந்தேன். கடைசி அணிவகுப்பு கலைந்து, எந்த ஸ்டேஷன் என்று எழுதிய தாளோடு மைதானத்தில் நின்றபோது, "எந்த ஊரு போட்டாங்க?" என்று கொட்டகைக்காரன் ஒருவனின் குரல். யாரைக் கேட்கிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

"கலவை" என்றேன்.

"கிட்டதான்" என்றான்.

"ஆமா" என்றேன்.